பல தளங்கள், ஒரே சர்வர்: ஓப்பன்_பேஸ்டிர் போட்ட பிறகு படம் ஏறவில்லை

கேள்வி (வேளச்சேரி)

வணக்கம். வேளச்சேரியில் ஒரு சிறிய இணைய வடிவமைப்பு நிறுவனத்தின் சர்வரைக் கவனித்துக்கொள்கிறேன். மயிலாப்பூர் பாத்திரக் கடை, புரசைவாக்கம் தட்டச்சுப் பயிலகம், ஒரு திருமண மண்டபம் என வாடிக்கையாளர்களின் தளங்கள் எல்லாம் உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்), என்ஜின்எக்ஸ் (பக்கங்களை வழங்கும் வலைச் சர்வர் மென்பொருள்), பிஎச்பி 8.1 (தளங்களின் நிரல்மொழி) உள்ள ஒரே சர்வரில், ஒரே பயனர் கணக்கின்கீழ் ஓடுகின்றன. சென்ற வாரம் மண்டபத்தின் தளத்தில், படங்கள் ஏறும் கோப்புறைக்குள் யாரோ ஒரு பிஎச்பி கோப்பை நுழைத்துவிட்டார்கள். அது பக்கத்துத் தளங்களின் முகப்புக் கோப்புகளிலும் விளம்பர இணைப்புகளைச் செருகிவிட்டது. பழைய நகல்களிலிருந்து அனைத்தையும் மீட்டுவிட்டோம்.

இனி அப்படி நேராதிருக்க, ஒவ்வொரு தளத்துக்கும், பிஎச்பி தொடக்கூடிய பாதைகளை வரையறுக்கும் ஓப்பன்_பேஸ்டிர் அமைப்பில் அதன் கோப்புறையை மட்டும் குறித்தேன். ஃபங்ஷன்களை முடக்கும் டிஸேபிள்_ஃபங்ஷன்ஸ் வரியில், வெளிக்கட்டளைகளை ஓட்டும் எக்ஸெக், ஷெல்_எக்ஸெக், சிஸ்டம், பாஸ்த்ரூ, பிஓப்பன், ப்ராக்_ஓப்பன், எழுத்துச்சரத்தையே நிரலாக ஓட்டும் ஈவல் ஆகியவற்றைச் சேர்த்தேன். அதிலிருந்து எந்தத் தளத்திலும் படம் ஏறவில்லை. பிழை எண் 6 வருகிறது. ‘டிஎம்பி’ என்ற தற்காலிகக் கோப்புறை அனுமதிக்கப்பட்ட பாதைக்குள் இல்லை என்று பிழைப்பதிவு சொல்கிறது. அதை எல்லாத் தளங்களுக்கும் திறந்துவிடலாமா? ஈவல் மட்டும் தடைபடாமல் இன்னும் ஓடுவது ஏன்?

மறுமொழி (அம்பத்தூர்)

வணக்கம் நண்பரே. பதிவேற்றும் கோப்பு முதலில் தற்காலிகக் கோப்புறையில் விழுந்த பிறகே தளத்தின் கோப்புறைக்கு நகர்கிறது. அந்த முதல் இடத்தையே ஓப்பன்_பேஸ்டிர் அடைத்துவிட்டதால்தான் பிழை 6 வருகிறது. பொது டிஎம்பியைத் திறந்தால் படம் ஏறும், ஆனால் ஒரு தளத்தின் தற்காலிகக் கோப்பை இன்னொரு தளம் எட்டிப்பார்க்கும் வழியும் கூடவே திறந்துவிடும். எனவே ஒவ்வொரு தளத்துக்கும் தனி டிஎம்பி அமைத்து, தற்காலிக இடத்தைக் குறிக்கும் அப்லோட்_டிஎம்பி_டிர், சிஸ்_டெம்ப்_டிர் அமைப்புகள் இரண்டையும் அங்கே திருப்பி, அந்தப் பாதையையும் ஓப்பன்_பேஸ்டிரில் சேர்த்துவிடுங்கள்.

ஈவல் என்பது ஃபங்ஷன் அல்ல, மொழியின் கட்டுமானத்திலேயே உள்ளது. அந்த வரிசையில் எழுதினாலும் அதற்குப் பயன் கிடையாது.

ஆனால் உங்கள் சிக்கலின் வேர் இவை இரண்டிலும் இல்லை. எல்லாத் தளங்களும் ஒரே கணக்கில் ஓடியதால்தான் ஒரு தளத்தில் நுழைந்த கோப்பால் மற்றவற்றில் எழுத முடிந்தது. ஓப்பன்_பேஸ்டிரை நம்பியிருக்கக் கூடாது என்று பிஎச்பி கையேடே எச்சரிக்கிறது. வெளிக்கட்டளை ஒன்று ஓடிவிட்டால் அதை இந்த அமைப்பு தடுக்காது, டிஸேபிள்_ஃபங்ஷன்ஸைத் தாண்டும் உத்திகளும் உண்டு. பகிர்வு சர்வர்களுக்காகவே வந்த சேஃப்_மோட் என்ற பாதுகாப்பு அமைப்பை, 2012இல் வெளியான பிஎச்பி 5.4 பதிப்பில் நீக்கியதற்கும் இதுதான் அடிப்படை: ஒரு தளத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்கும் பொறுப்பு இயங்குதளத்துடையது, பிஎச்பியுடையது அல்ல. தளத்துக்கு ஒரு லினக்ஸ் கணக்கு, அந்தக் கணக்கில் ஓடும் தனி எஃப்பிஎம் பூல் (பிஎச்பியை ஓட்டும் செயல்முறைகளின் தொகுதி) என்று பிரியுங்கள். கோப்புறைகளுக்கு 750 அனுமதி (உரிமையாளருக்கு எல்லாம், குழுவுக்குப் படிக்கவும் நுழையவும் மட்டும், மற்றவர்க்கு எதுவும் இல்லை) கொடுத்து, என்ஜின்எக்ஸ் ஓடும் கணக்கை அந்தந்தத் தளத்தின் குழுவில் சேர்த்தால், படங்களையும் ஸ்டைல் கோப்புகளையும் அது படிக்கும், பக்கத்துத் தளம் படிக்காது.

மறுமொழி (கேள்வி கேட்டவர்)

மிக்க நன்றி ஐயா. மண்டபத்தின் தளத்தை மட்டும் தனிப் பூலுக்கு மாற்றிப் பார்த்தேன்; படம் ஏறுகிறது, அந்தக் கணக்கிலிருந்து மற்றத் தளங்களின் கோப்புறைக்குள் போக முயன்றால் அனுமதி மறுக்கப்படுகிறது. செஷன் கோப்புகளையும் (பார்வையாளரின் உள்நுழைவு போன்ற விவரங்கள் தங்கும் கோப்புகள்) தனி இடத்துக்கு மாற்றியிருக்கிறேன். வேறு எதையேனும் கவனிக்க வேண்டுமா?

மறுமொழி (தாம்பரம்)

செஷன் இடத்தைப் பூல் கோப்பில் மாற்றியிருந்தால் ஒன்றை மறக்காதீர்கள். டெபியன், உபுண்டுவில் பழைய செஷன்களைத் துடைப்பது பிஎச்பி அல்ல, அதற்கென உள்ள தனிப் பணி, அது பிஎச்பியின் பொது அமைப்புக் கோப்பான பிஎச்பி.ஐஎன்ஐயில் உள்ள பாதையை மட்டுமே பார்க்கும். எனவே அந்தப் பூலில் பிஎச்பியே துடைக்கும்படி செஷன்.ஜிசி_ப்ராபபிலிட்டியை 1 ஆக்குங்கள், இல்லையேல் கோப்புகள் குவிந்துகொண்டே போகும். பூல்கள் பல ஆனாலும், தொகுத்த நிரலைச் சேமிக்கும் ஓப்கேஷ் நினைவகம் ஒன்றுதான் என்பதால், கோப்பைப் படிக்க அனுமதி உண்டா என்று சரிபார்க்கும் ஓப்கேஷ்.வாலிடேட்_பர்மிஷன் அமைப்பையும் பிஎச்பி.ஐஎன்ஐயில் 1 ஆக்குவது அவசியம்.

படங்கள் ஏறும் கோப்புறையில் பிஎச்பி ஓடவே கூடாது. அதைத் தடுக்கும் லொகேஷன் (முகவரிக்கேற்ற விதி) பகுதி, என்ஜின்எக்ஸில் பொதுவான பிஎச்பி லொகேஷனுக்கு மேலே இருக்கட்டும். ரெஜெக்ஸால் (எழுத்து வடிவத்தைப் பொருத்தும் முறை) எழுதிய லொகேஷன்களில் முதலில் பொருந்துவதையே அது எடுத்துக்கொள்ளும். இந்த ஒரு தடை இருந்திருந்தால், அந்தக் கோப்பு உள்ளே வந்தும் ஓடியிருக்காது. முடிந்தால் நிரல் கோப்புகளின் உரிமையைப் பூல் கணக்கிடமிருந்து எடுத்துவிடுங்கள். தளம் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடினால் அது தானாகப் புதுப்பித்துக்கொள்வது நின்றுவிடும், அந்த வேலை உங்கள் தலையில் விழும், இருந்தாலும் வாடிக்கையாளர் தளங்களுக்கு நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.

மறுமொழி (அம்பத்தூர்)

இன்னொரு செய்தி. இத்தகைய ஊடுருவலை, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும், பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதன் 2022 ஏப்ரல் 28 உத்தரவில் உள்ளன. இதுவரை தெரிவிக்காவிட்டால் இன்றே தெரிவித்துவிடுங்கள். பழைய பதிவுகளைச் சுழற்சி முறையில் அழிக்கும் உபுண்டுவின் லாக்ரொட்டேட் இயல்பாக என்ஜின்எக்ஸ் பதிவுகளை 14 நாட்களுக்குத்தான் வைத்திருக்கும். எனவே சென்ற வாரத்துப் பதிவுகள் அழிவதற்கு முன் வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, அந்த எண்ணை 180 ஆக்குங்கள்.