ஏர் லாக்: காற்றடைப்பா, காற்றுப் பிடிப்பா, வளித்தேக்கமா?

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் உல்லாசப் படகுகளைப் பராமரிக்கும் தமிழ்த் தொழிலாளர்களுக்கான பழுதுநீக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல் பாக்கி. படகு ஏசியின் கடல்நீர்ப் பம்பில் காற்று மாட்டிக்கொள்ளும். மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. இந்த 'ஏர் லாக்'குக்குக் 'காற்றடைப்பு' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

கடற்பொறியாளர்:
வேண்டாம் அம்மா, அந்தச் சொல் ஆளைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிடும். 'அடைப்பு' என்று படித்ததும் தொழிலாளி நேரே வடிகட்டியைத் திறந்து குப்பை தேடுவார். மூடி திறந்தால் இன்னும் கொஞ்சம் காற்றுதான் உள்ளே போகும்.

இந்தப் பம்பு தானாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் வகை இல்லை. அதனால்தான் நீர்மட்டத்துக்குக் கீழே வைக்கிறோம். உள்ளே காற்று நின்றால் நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் வெறுமனே சுற்றும். வெப்பத்தைக் கடல்நீருக்குக் கைமாற்றும் கண்டென்சருக்கு நீர் போகாமல் குளிரூட்டி வாயுவின் அழுத்தம் ஏறும், ஹை பிரஷர் பிழை காட்டி கம்ப்ரசர் நின்றுவிடும். பம்பை வறட்டு ஓட்டமாக விட்டால் உள்ளிருக்கும் செராமிக் தண்டு சூடேறி விரிசல் விடும்.

கையேட்டில் சோதனை இப்படி வரட்டும். பிரேக்கரை அணைக்கவும். கடல் வால்வு திறந்திருக்கிறதா பார்க்கவும். கைப்பிடி குழாய்க்கு இணையாக இருக்க வேண்டும். பம்பின் வெளியேறு வாயில் உள்ள கிளாம்பைத் தளர்த்தி ஹோஸைச் சற்றே இழுக்கவும். காற்று சளசளத்து வெளியேறி, பிறகு இடைவிடாமல் தண்ணீர் வந்தால் கோளாறு காற்றுதான். ஹோஸை மாட்டி ஓட்டிப் பார்க்கலாம். எதுவுமே வராவிட்டால்தான் அடைப்பு: வடிகட்டியில் பாசி, படகின் அடியில் கடல்நீர் நுழையும் அடிவாயில் ஒட்டி வளரும் கொட்டலசு, இல்லையேல் ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக் பை. இரண்டும் வேறு வேறு கோளாறு. சொல்லும் வேறாக இருந்தாக வேண்டும்.

தமிழாசிரியர்:
இலக்கணமும் இதையே சொல்கிறது. 'காற்றை அடைத்தல்' என்று விரித்தால் இரண்டாம் வேற்றுமைத்தொகை. பந்திலும் டயரிலும் செய்வது அது. 'காற்றால் அடைபடுதல்' என்றால் மூன்றாம் வேற்றுமை. பழக்கத்தில் முன்னதுதான் மனதில் வரும்.

என் பரிந்துரை 'கால்கோள்'. சங்க வழக்கில் கால் என்றால் காற்று என்றும் பொருள். காற்று என்ற சொல்லும் அதிலிருந்து கிளைத்ததே. வாய்க்காலிலும் கால்வாயிலும் உள்ள கால், நீர் ஓடும் வழி. நீர்வழியைக் காற்று கொள்வதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வேர் ஏது? 'காத்து வாங்குது' என்று பம்புசெட்டுக்காரர் சொல்வதில் இருக்கும் 'வாங்கு'தான் இங்கே 'கொள்'.

அகராதியாளர்:
ஐயா, வேர் அழகுதான். ஆனால் கால்கோள் என்றால் தொடக்கம். சிலப்பதிகாரத்தில் கால்கோட் காதையே இருக்கிறது. இன்றும் கால்கோள் விழா என்று அழைப்பிதழ் அடிக்கிறோம். பம்பு முடங்கியதைத் தொடக்கத்துக்கான சொல்லால் எப்படிச் சொல்வது? 'வளித்தேக்கம்' போதும். வளிமண்டலம் பள்ளிப் பாடத்தில் உள்ளது, நீர்த்தேக்கம் ஊரறிந்தது. ஏர், லாக் என்று எழுதிக்கொண்டே போனால் கையேட்டில் மிஞ்சும் தமிழ் வேற்றுமை உருபு மட்டும்தான்.

கடற்பொறியாளர்:
தமிழ் வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இதைப் படிப்பவர் படகின் அடித்தட்டில் குப்புறப் படுத்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு கிளாம்பு திருகுகிறவர். அவர் வாயில் வருவது 'ஏர் புடிச்சிருக்கு'. அதையே 'காற்றுப் பிடிப்பு' ஆக்கலாம். வாயுப் பிடிப்பு எல்லோருக்கும் தெரியும்: உள்ளே நின்ற வாயு அசையவிடாமல் செய்கிறது. காற்றை வெளியேற்றுவதற்கும் 'காற்று எடுத்தல்' என்று அவர்கள் சொல்வதையே வைக்கலாம்.

ஒரே படகில் திரும்பத் திரும்ப வந்தால் எங்கே பார்ப்பது என்பதும் இருக்கட்டும். அடிவாயிலிருந்து கண்டென்சர் வரை ஹோஸ் ஏறுமுகமாகவே போக வேண்டும். நடுவில் வளைவாக மேலே எழும்பி இறங்கினால் அந்த உச்சியில் காற்று நிற்கும். வடிகட்டி மூடியின் கேஸ்கெட் நைந்திருந்தால், பம்பு நிற்கும்போது நீர் கசியும், ஓடும்போது காற்றை இழுக்கும். அடிவாய்க் கவசத்தின் திறப்பு பின்பக்கம் பார்த்திருந்தால் படகு ஓடும்போது நீர் விலகி வெற்றிடமாகும். சரியானபின் ஏசியின் குளிரூட்டும் திறனில் ஒரு டன்னுக்கு, அதாவது 12,000 பிடியூவுக்கு, நிமிடத்துக்குச் சுமார் 11 லிட்டர் வெளியே விழ வேண்டும். ஒரு டன் ஏசி என்றால் 10 லிட்டர் வாளி 55 நொடியில் நிறைகிறதா பாருங்கள். காற்றே இல்லாமலும் ஓட்டம் குறைந்தால் மோட்டாரின் தகட்டைப் படியுங்கள். 60 ஹெர்ட்சுக்கான பம்பு இங்கத்திய 50 ஹெர்ட்சில் ஆறில் ஒரு பங்கு வேகம் இழக்கும்.

தமிழாசிரியர்:
காற்றுப் பிடிப்பு எனக்கும் சம்மதம். இயல்பான சொல். கால்கோளைத் திரும்பப் பெறுகிறேன், வேரை அல்ல.

மொழிபெயர்ப்பாளர்:
நன்றி. முதல் இடத்தில் 'காற்றுப் பிடிப்பு எனப்படும் ஏர் லாக்', பிறகு காற்றுப் பிடிப்பு மட்டும். வெள்ளிக்குள் இதைவிட யோசிக்க நேரமில்லை.

அகராதியாளர்:
பெரும்பான்மை அதுவென்றால் அப்படியே போகட்டும். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். சிப்பியோ மணலோ சிக்கி இம்பெல்லர் சுற்றாமல் மோட்டார் உறுமும்போதும் 'பம்பு புடிச்சுக்கிச்சு' என்றுதானே சொல்கிறார்கள்? அடைப்போடு குழம்பக்கூடாது என்று விலகியவர்கள், இப்போது இம்பெல்லர் சிக்குவதோடு குழம்புகிற சொல்லை எடுத்திருக்கிறோம். அந்தக் கோளாறுக்குக் காற்று எடுப்பதால் பயனில்லை. பம்பின் தலையைக் கழற்ற வேண்டும். வளித்தேக்கத்தில் இந்தக் குழப்பம் வராது.

கடற்பொறியாளர்:
நியாயம். அதற்கு 'இம்பெல்லர் இறுகல்' என்று எழுதிவிடுங்கள் அம்மா.

அகராதியாளர்:
இறுகல் என்றால் துருவேறி இறுகுவது. சிப்பி சிக்கியதற்கு அது எப்படிப் பொருந்தும்?