மடு அன்னையின் அடைக்கலத்தில் இறந்தவர்கள்

அன்புடைய ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

இலங்கையின் மன்னார் மாவட்டத்திலுள்ள மடு மாதா திருத்தலத்தின் ஆவணித் திருவிழா நெருங்குவதால், மடு அன்னை தங்களைப் போர்க்காலப் பேராபத்துகளில் காத்த அனுபவங்களைப் பலரும் எழுதி வருகிறீர்கள். அவற்றுள் எதையும் நான் ஐயுறவில்லை. ஆனால், "உறுதியாக நம்பினோம், அதனால் உயிர் தப்பினோம்" என்று எழுதும்போது, தப்பாதவர்களின் நம்பிக்கை குறைவாயிருந்தது என்ற பொருளும் கூடவே வந்துவிடுகிறது. அவர்களின் பிள்ளைகளும் சகோதரங்களும் இந்தக் குழுவில் இருந்து நம் மடல்களை வாசிக்கிறார்கள் என்பதால், இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மன்னாரும் யாழ்ப்பாணமும் 1658இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) வசமான பின்னர் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. 1670ஆம் ஆண்டளவில் மாந்தையைச் சேர்ந்த சில குடும்பங்கள் தங்கள் ஆலயத்து மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் புகுந்து, இன்றைய மடுவான மருதமடுவில் தங்கின. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்தவர்களும் பின்னர் அங்கே சேர்ந்துகொண்டனர் என்பது திருத்தலத்தின் மரபு. யாரிடம் அடைக்கலம் கேட்டார்களோ அந்தத் தாயையே அவர்கள் ஒளித்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. 2008 ஏப்ரலில், எறிகணை வீச்சு திருத்தலத்தை நெருங்கியபோது, குருக்கள் அதே சொரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குச் சென்றதும், ஆகஸ்டில் அது திரும்பி வந்ததும் நம் காலத்திலேயே நடந்தவை. நம்மோடு சேர்ந்து இடம்பெயர்ந்த ஒரு தாயிடம், நீ ஏன் எங்களுக்கு ஆபத்தே வராமல் தடுக்கவில்லை என்று கேட்க எனக்கு நா எழவில்லை.

1990க்குப் பின்னர் போரால் இடம்பெயர்ந்த பல்லாயிரம் பேர் மடு வளாகத்தில் கொட்டில் போட்டுத் தங்கினார்கள். சைவக் குடும்பங்களும் அவர்களுள் இருந்தன. அன்னையின் வாசலில் யாரும் சமயம் கேட்டதில்லை. அந்த வளாகத்திலேதான் 1999 நவம்பர் 20 இரவு எறிகணைகள் விழுந்து, ஆலயத்துக்குள் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் குழந்தைகள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதற்கு முன், 1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணத்து நவாலி தேவாலயத்தில் குண்டு விழுந்தபோது அங்கு தஞ்சமடைந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். (யார் வீசியது, ஏன் வீசியது என்ற விவாதத்தை இம்முறை தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், அது வேறொரு மடலுக்கு உரியது.) அவர்களும் செபமாலை சொல்லிக்கொண்டுதான் உள்ளே இருந்திருப்பார்கள்.

பதுங்குகுழிகளில் நம்மவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன 91ஆம் திருப்பாடல், அருகில் ஆயிரம் பேர் வீழ்ந்தாலும் உன்னை எதுவும் அணுகாது என்கிறது. அச்சத்தில் நடுங்குகிறவனுக்கு அந்த வரி மூச்சுவிட இடம் கொடுக்கும். அதையே நடந்து முடிந்தவற்றின் கணக்காக எடுத்துக்கொண்டால், வீழ்ந்த ஆயிரம் பேரையும் நாம் அடைக்கலத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறோம். இதைவிட, தானியேல் ஆகமத்தில் சாத்ராக்கு, மேசாக்கு, ஆபேத்நெகோ ஆகிய மூவரும் எரியும் சூளைக்கு முன் நின்று அரசனுக்குச் சொன்ன மறுமொழியே எனக்கு நெருக்கமானது: எங்கள் கடவுள் எங்களை விடுவிக்க வல்லவர்; அவர் விடுவிக்காமல் போனாலும் உன் சிலையை நாங்கள் வணங்கமாட்டோம். மீட்கும் வல்லமையை நம்பிய அதே வாயால், மீட்பு வராமல் போகும் சாத்தியத்தையும் அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். மடுவில் எல்லாவற்றையும் இழந்தபின்னும் மறுநாள் காலைத் திருப்பலிக்கு வந்து நின்றவர்களின் நம்பிக்கை இவ்வகையானது என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே நம் ஊர்ச் சங்கத்தின் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு நம் ஊரின் பெயரில் ஒப்புக்கொடுக்கும் திருப்பலியில், உயிர் தப்பியோரின் நன்றி மன்றாட்டையும் தஞ்சம் புகுந்த இடத்திலேயே இறந்தோருக்கான மன்றாட்டையும் தனித்தனி நாள்களுக்குப் பிரிக்காமல், ஒரே மன்றாட்டாக வாசிக்க ஒழுங்கு செய்யுங்கள். இறந்தவர்களின் பெயர்களைக் குடும்பத்தார் விரும்பினால் மட்டும் செயலாளருக்குத் தனிமடலில் அனுப்பலாம்.