புதுப்பிப்பு: ஹாரிசன் குடும்பத்தின் பெஞ்சமின்கள்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து ஹாரிசன் குடும்பம் பற்றிய என் இழையில், தலைமுறை தலைமுறையாகப் பெஞ்சமின் என்றே பெயர் வைத்தால் எப்படிப் பிரித்தறிவது என்று கேட்டிருந்தீர்கள். சரி, ஆளை வைத்துத்தான். முதலாமவர் 1630களில் ஆளுநர் அவையின் எழுத்தர். நான்காமவர் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் பெர்க்லி மாளிகையைக் கட்டி, 1745இல் அங்கேயே இடி விழுந்து இறந்தவர். அதனால் ஐந்தாமவர் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு, அடிமைகளின் உழைப்பில் ஓடிய தோட்டத்தைப் பார்க்க வந்தார். அப்புறம் சட்டமன்றம், 1776இல் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்து. ஆள் நல்ல பருமன். கையெழுத்திட்டதற்காகப் பிரிட்டன் எல்லோரையும் தூக்கில் போட்டால் தன் கனத்துக்குச் சட்டென்று உயிர் போய்விடும், நீதான் வெகுநேரம் காற்றில் ஆடுவாய் என்று கையெழுத்திட்ட இன்னொருவரான ஒல்லி எல்பிரிட்ஜ் ஜெரியைச் சீண்டியதாக, அதே பிரகடனத்தில் கையெழுத்திட்ட பெஞ்சமின் ரஷ் (இன்னொரு பெஞ்சமின்!) எழுதியிருக்கிறார். ஐந்தாமவரின் கடைக்குட்டி வில்லியம் ஹென்றி 1841இல் அமெரிக்க அதிபர். அவர் பேரன் 1889இல். பேரன் பெயரைச் சொல்லவும் வேண்டுமா?