177 சிசி கிட் போட்ட வெஸ்பா: ஊட்டிக்கும் சமவெளிக்கும் ஒரே மெயின் ஜெட் போதுமா?

மேட்டுப்பாளையம்_வெஸ்பா:
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ரோட்டரி வால்வு கொண்ட பழைய எல்எம்எல் வெஸ்பா 150. அசல் 57.8 மி.மீ. சிலிண்டரைக் கழற்றிவிட்டு 63 மி.மீ. போர் கொண்ட வார்ப்பிரும்புக் கிட் போட்டிருக்கிறேன். ஸ்ட்ரோக் அதே 57 மி.மீ. என்பதால் கொள்ளளவு 177 சிசியைச் சற்றுத் தாண்டுகிறது. கார்பரேட்டர் அதே எஸ்ஐ 20/20, சைலன்சரும் அசல் வடிவமே. முழுத் திறப்பில் பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட் 112, அதோடு சேரும் காற்றை அளக்கும் ஏர் கரெக்டர் 160, இரண்டையும் கலக்கும் குழாயான அடமைசர் பிஇ3, குறைந்த திறப்புக்கான ஐடில் ஜெட் 48/160. பங்கில் கிடைக்கும் இ20 (20 விழுக்காடு எத்தனால் கலந்த) பெட்ரோலில் 2 விழுக்காடு டூ டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் கலக்கிறேன். கோவை சாலையில் வண்டி குறையில்லாமல் ஓடுகிறது. ஆனால் மலையேறி, ஊட்டிக்கு அருகிலுள்ள கேத்தியைத் தாண்டியதும் மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகினால், ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எரிவதுபோலக் கரகரத்து இழுவை குறைந்துவிடுகிறது. மலைக்கு அடிக்கடி போகிறவன் என்பதால் 105 போட்டு அப்படியே விட்டுவிடலாம் என்று ஒருவரும், தொடவே வேண்டாம் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். எது சரி?

பழைய_பட்டறை:
தொட வேண்டாம் என்பதே என் கருத்து. பெட்ரோல் கூடுதலாகப் போனால் இழுவை குறையும், ப்ளக் கறுக்கும், கொஞ்சம் புகை வரும், அவ்வளவோடு முடிந்துவிடும். குறைவாகப் போனாலோ பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஆயிலும் பெட்ரோலோடுதான் வருகிறது, உள்ளிருந்து வரும் குளிர்ச்சியில் ஒரு பங்கும் அந்தப் பெட்ரோலால்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. இன்னொன்று, மலைப்பாதையின் வளைவுகளில் பெரும்பாலும் இரண்டாம் கியரில் அரைத் திறப்பில்தான் ஏறுகிறோம். இந்த எஸ்ஐ கார்பரேட்டரில் நீடில் கிடையாது. அரைத் திறப்பு வரை கலவையைத் தீர்மானிப்பவை ஐடில் ஜெட்டும், ஆக்சிலரேட்டர் இழுத்துத் திறக்கும் ஸ்லைடின் வெட்டும்தான். பின்புறம் இருக்கும், ஐடில் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே திருகினாலே ஏற்றத்தில் வண்டி தெளிந்துவிடும். அதை விட்டுவிட்டு மெயின் ஜெட்டின் மேல் பழி போடுகிறோம்.

ஜெட்_கணக்கு:
பழைய பட்டறை ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இங்கே அவரோடு உடன்பட முடியவில்லை. கேள்வி கேட்டவர் முழுத் திறப்பில் வரும் குறையைத்தான் சொல்கிறார். அங்கே மிக்சர் ஸ்க்ரூவுக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. கோவை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டரில். மலையின் குளிரையும் கணக்கில் சேர்த்தால்கூட அங்கே காற்றின் அடர்த்தி சுமார் 15 விழுக்காடு குறைவாக இருக்கும். வென்சுரி (கார்பரேட்டரின் குறுகிய காற்றுவழி) வழியே போகும் காற்றின் எடை அதே அளவு குறைய, ஜெட் வழியே உறிஞ்சப்படும் பெட்ரோல் அடர்த்தியின் வர்க்கமூல விகிதத்தில்தான் குறைகிறது. எனவே கலவை 8 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக ரிச்சாகிறது, அதாவது பெட்ரோல் மிகுகிறது. ஜெட்டின் எண் என்பது துளையின் விட்டம், மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக் கணக்கில். 112 என்றால் 1.12 மி.மீ. பெட்ரோலின் அளவு துளையின் பரப்பைப் பொறுத்தது, பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 8 விழுக்காடு குறைக்க வேண்டுமானால் விட்டத்தில் 4 விழுக்காடு குறைத்தால் போதும். ஊட்டியில் 112க்குப் பதில் 108 சரியாக வரும். 105 தேவையில்லை.

ஆனால் அதை அப்படியே விட்டுவிடலாம் என்ற யோசனையை நான் இன்னும் கடுமையாக எதிர்க்கிறேன். தூய பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20க்கு அந்த அளவு 13.5ஐ ஒட்டி வருகிறது. அதாவது எத்தனால் இல்லாத பெட்ரோலுக்குச் சரியாக இருந்த அதே ஜெட், இ20 ஊற்றியதும் 8 விழுக்காடு அளவுக்கு லீனாகிவிடுகிறது, அதாவது பெட்ரோல் குறைந்துவிடுகிறது. இன்று சமவெளியில் 112 கேட்கும் எஞ்சின், எத்தனால் கலக்காத பெட்ரோலில் 108க்கே திருப்தியாக ஓடியிருக்கும். மலைக்குப் போட்ட 108ஐ மறந்துவிட்டு, காரமடை தாண்டி நேர்ச்சாலையில் மதிய வெயிலில் நான்காம் கியரில் முறுக்கினால் என்ன ஆகும் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

பழைய_பட்டறை:
கணக்கைக் குறை சொல்லவில்லை, தம்பி. அந்தக் கணக்கு, ஜெட்டின் மேல் பொறித்திருக்கும் எண் உண்மை என்று நம்பித் தொடங்குகிறது. கடையில் வரும் போலி ஜெட்களில் 108 என்று அடித்ததற்கும் 112 என்று அடித்ததற்கும் துளையில் வேறுபாடு இல்லாமல் இருப்பதைத் துளை அளக்கும் ஊசி கேஜ் விட்டுப் பார்த்திருக்கிறேன். பழைய ஜெட்டைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்கிறவர்களும் துளையை அகலமாக்கிவிடுகிறார்கள். மிக்குனி ஜெட்டின் எண்ணோ துளையின் அளவு அல்ல, பாயும் அளவு. அதைத் துளை அளவைச் சொல்லும் டெல்லார்ட்டோ எண்ணோடு ஒப்பிடுவதே தவறு.

அதைவிட முக்கியம், 177 கிட் போட்டபின் பெட்ரோல் டேப்பும் மிதவை ஊசியும் அந்தப் பசிக்கு ஈடுகொடுக்கின்றனவா என்பது. முழுத் திறப்பில் கொஞ்சத் தூரம் நன்றாக ஓடி, பிறகு தளர்ந்து, ஆக்சிலரேட்டரைக் குறைத்ததும் வண்டி தேறிக்கொண்டால், மிதவைக் கிண்ணம் வற்றுகிறது என்று பொருள். அந்த வண்டிக்கு எந்த எண் போட்டாலும் பயனில்லை. ஃபிளைவீல் பக்கத்து ஆயில் சீல் காற்று இழுத்தாலும் கலவை லீனாகும். ஆக்சிலரேட்டரை விட்டபின் ஐடிலிங் உடனே இறங்காமல் மேலேயே நிற்பது அதன் முதல் அடையாளம். கார்பரேட்டரின் இரண்டு நட்டுகளையும் மிதமிஞ்சி முறுக்கி உடலை வளைத்துவிட்டால் ஸ்லைடே சிக்கும். இத்தனையும் பார்த்த பிறகுதான் ஜெட் பெட்டியைத் திறக்க வேண்டும்.

குன்னூர்_சாலை:
நான் மலையிலேயே இருப்பவன். என் யோசனை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மெயின் ஜெட் 112ஆகவே இருக்கட்டும், ஏர் கரெக்டரை மட்டும் 160இலிருந்து 180 ஆக்கலாம். மெயின் ஜெட், அடமைசர், ஏர் கரெக்டர் மூன்றும் ஒன்றாகச் செருகிய ஸ்டாக்கின் தலையில் இருக்கும் பெரிய துளை என்பதால் தூசியாலும் அடைபடாது, போலிச் சிக்கலும் குறைவு. கரகரப்பு உயர் சுற்றில்தானே வருகிறது?

இறக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். குன்னூரிலிருந்து மலையடிவாரத்துக் கல்லாறு வரை கியரில் போட்டு ஆக்சிலரேட்டரை முழுதாக மூடிக்கொண்டு இறங்குபவர்களின் எஞ்சின், சுற்று குறையாமல் ஓடும்போதே ஐடில் ஜெட் தரும் சொட்டுப் பெட்ரோலை, அதாவது சொட்டு ஆயிலை, மட்டும் நம்பி ஓடுகிறது. பிஸ்டனில் விழும் கோடுகளில் எத்தனையோ இப்படி இறக்கத்தில் விழுந்தவை. நான் வளைவுக்கு வளைவு கிளட்சைப் பிடித்து ஒருமுறை ஆக்சிலரேட்டரைத் திருகிவிட்டே இறங்குவேன்.

ஜெட்_கணக்கு:
இறக்கம் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அதை ஒவ்வொரு கிட் உரிமையாளரும் பழகிக்கொள்ள வேண்டும். ஏர் கரெக்டர் விஷயத்தில் மட்டும் ஒப்ப முடியாது. அதைப் பெரிதாக்கினால் உயர் சுற்றில் அதிகமாகவும் நடுச் சுற்றில் குறைவாகவும் லீனாகும். உயரம் ஏறுவதால் வரும் மாற்றமோ எல்லாச் சுற்றுக்கும் பொதுவானது. நடுவில் ரிச்சாகவும் உச்சியில் லீனாகவும் இருக்கும் எஞ்சினைச் சமவெளிக்குக் கொண்டுவந்தால், மிக அதிகமாகச் சூடேறும் இடத்தில்தான் பெட்ரோல் குறையும்.

மேட்டுப்பாளையம்_வெஸ்பா:
விளக்கங்களுக்கு நன்றி. பட்டறை ஐயா சொன்னபடி டேப் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் பிடித்துப் பார்த்தேன். டேங்க் கால்வாசி இருக்கும்போதும் தடையின்றிக் கொட்டுகிறது. ஐடிலிங்கும் ஒட்டாமல் இறங்குகிறது. பிறகு புது ப்ளக் போட்டு, சிறுமுகை சாலையில் காலியாக இருந்த நேர்ப்பகுதியில் மூன்றாம் கியரில் முழுத் திறப்பில் ஓட்டி, ஆக்சிலரேட்டரைக் குறைக்காமலேயே எஞ்சினை அணைத்துக் கிளட்ச் பிடித்து ஓரம் கட்டினேன். பீங்கானின் அடிவேரில் மெல்லிய பழுப்பு வளையம் தெரிந்தது, நுனி வெளுக்கவில்லை. ஆகவே இங்கே 112 சரி என்றே எடுத்துக்கொள்கிறேன். மேலே போனால் 108 மாற்றுவேன். பெட்டி மூடிக்கு இரண்டு ஸ்க்ரூ, ஃபில்டருக்கு இரண்டு, பிறகு தட்டை ஸ்க்ரூ டிரைவரால் ஸ்டாக்கைத் திருகி எடுத்தால் அடியில் ஜெட் செருகியிருக்கிறது, வழியிலேயே செய்துவிடலாம். திரும்பும்போது கல்லாறில் நிறுத்தி 112 போட்டுக்கொண்டால் போதும் அல்லவா?

பழைய_பட்டறை:
போதாது. மாற்றுவது என்று முடிவெடுத்துவிட்டால், ஊட்டியிலேயே, கிளம்புவதற்கு முன், எஞ்சின் ஆறியிருக்கும்போது மாற்றிவிடுங்கள். இறங்க இறங்கக் காற்று கனத்துக்கொண்டே வரும், கல்லாறு வருவதற்குள் 108 லீனாகிவிடும். ஒரு நாள் போய் ஒரு நாளில் திரும்புவதாக இருந்தால் மாற்றவே வேண்டாம் என்ற என் கருத்தில் மாற்றமில்லை; இரண்டு மூன்று நாள் மேலே தங்கினால் மட்டும் 108 நியாயம். சாலையோரத்தில் திறக்கும்போது பெட்டிக்குள் ஒரு மணல் துகள் விழுந்தாலும் அது நேரே சிலிண்டருக்குத்தான் போகும்.

ஜெட்_கணக்கு:
ஊட்டியிலேயே மாற்ற வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஒரு நாள் பயணத்துக்கு மாற்ற வேண்டாம் என்பதை ஏற்கவில்லை. கரகரத்துக்கொண்டு ஏறும் வண்டியைக் கூடுதலாக முறுக்கியே ஓட்டுகிறோம், ப்ளக்கும் சைலன்சரும் அதற்கு விலை கொடுக்கின்றன. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: 108ஐ வாங்கியதும் ஊசி கேஜ் உள்ள ஒரு பட்டறையில் துளையை அளந்து பாருங்கள், அளந்த எண்ணை இங்கேயே எழுதுங்கள்.