மறு: ஆம்புல்லா – புடைப்பறையா, சிமிழா, குடுவையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

உடலில் குழல் பருத்திருக்கும் உறுப்புப் பகுதியைக் குறிக்கும் 'ஆம்புல்லா' (ampulla) என்ற லத்தீன் சொல்லுக்குத் தமிழில் எதை வைக்கலாம் என்பதே கேள்வி. அதற்கு வந்த 'குழலிடைப் புடைப்பறை' என்ற பரிந்துரையில் பொருள் பிசகவில்லை, வாயில்தான் நுழையவில்லை. ரோமானியக் கவிஞர் ஹோரேஸ் ஊதிப் பெருத்த நடையைக் கேலி செய்ய எடுத்த சொல்லே 'ஆம்புல்லா' என்பது நினைவுக்கு வந்து சிரித்துக்கொண்டேன்.

ரோமானியருக்கு அது உருண்ட வயிறும் ஒடுங்கிய கழுத்தும் கொண்ட சிறு பாத்திரம். குளிக்கப் போகையில் அதில் எண்ணெய் கொண்டுபோவார்கள். பிற்காலத்தில் எகிப்தின் அபு மீனாவிலிருந்து யாத்திரிகர்கள் எடுத்துவந்த சிறு மண்கலங்களுக்கும் இதே பெயர்: நடுவில் புனித மீனாஸ், இருபுறமும் மண்டியிட்ட ஒட்டகங்கள். இந்தக் கலத்தைப் 'புடைப்பறை' என்று எழுத முடியுமா? கலத்துக்கு ஒரு சொல், உறுப்புக்கு வேறு சொல் என்று பிரித்துவிட்டால், உறுப்பில் கலத்தைக் கண்டு பெயரிட்டவர்களின் கண் தமிழில் தொலைந்துபோகும்.

என் வாக்கு 'குடுவை'க்கு. 'சிமிழ்' அழகுதான், ஆனால் அது மூடி திறந்து குங்குமம் எடுக்கும் பொருள். அதற்குக் கழுத்தே கிடையாது. 'குப்பி'யை ஊசிமருந்துக்கு விட்டுவிடலாம். செவிலியர் கழுத்தில் கீறி 'டக்'கென்று ஒடிக்கும் ஆம்பூலும் இதே வேரில் பிறந்ததுதான்.

குடுவைக்கு அடி உண்டே, உடலின் ஆம்புல்லாவுக்கு இல்லையே என்ற ஆட்சேபம் நியாயமானது. உட்செவியின் மூன்று அரைவட்டக் குழல்களும் ஒவ்வொரு முனையில் பருத்திருக்கின்றன. தலையைத் திருப்பினால் உள்ளிருக்கும் திரவம் பின்தங்கி, அங்கே இருக்கும் மயிர்ச்செல்களைச் சாய்க்கிறது. இருபக்கமும் திறப்பு, அடியே இல்லை. கருவுறுதல் பெரும்பாலும் நிகழும் கருக்குழாய்ப் பகுதியும் அப்படித்தான். ஆனால் இதே இடறல் லத்தீனிலும் இருக்கிறது, யாரும் விழுந்துவிடவில்லை. செவிக்குழல் குடுவை, கருக்குழாய்க் குடுவை என்று எழுதினால் ஆய்வகத்துக் கூம்புக் குடுவையோடு குழம்பாது.

பித்தநாளமும் கணையநாளமும் கூடும் இடத்துக்கு மட்டும் ஆள்பெயர் வேண்டாம். 1720இல் அதை விவரித்த ஆபிரகாம் ஃபாட்டரை 'வாட்டர்' என்று எழுதினால் மாணவர் தண்ணீர்க் குடுவை என்றே படிப்பார். 'கல்லீரல்-கணையக் குடுவை' போதும்.

அடியோடுதான் வேண்டும் என்பவர் சுறாவின் ஆம்புல்லாவைப் பார்க்கலாம். இத்தாலிய மருத்துவர் லொரென்சினி 1678இல் விவரித்த, மின்புலத்தை உணரும் உறுப்பு அது: தோலில் ஒரு துளை, கூழ் நிரம்பிய குழல், முடிவில் அடைபட்ட குமிழ். அசல் குடுவை.