டாக்டரின் பேப்பர், சைட்டேஷன்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

வண்ணார்பேட்டைக்காரன்

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பக்கம் ஒரு சர்ஜன், ஊரில் பாதிப்பேர் அவரிடம்தான் வயிற்றைக் காட்டியிருப்பார்கள். பெங்களூரிலிருந்து வந்த தங்கச்சி மாப்பிள்ளை முந்தின ராத்திரியே, யார் எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரை (பேப்பர்) எழுதினார், அவற்றை மற்றவர்கள் எத்தனை தடவை மேற்கோள் (சைட்டேஷன்) காட்டினார்கள் என்று சொல்லும் கூகுள் ஸ்காலரைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். "மூணே பேப்பர் மச்சான், சைட்டேஷன் ஒண்ணுகூட இல்ல. மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்." அதோடு விட்டாரா? மறுநாள் டாக்டர் அம்மாவின் வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "சார், உங்க ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு?" என்று கேட்டேவிட்டார். மேற்கோளை வைத்து ஆராய்ச்சிக்காரர்களுக்குப் போடும் மதிப்பெண் அது.

டாக்டர் கையை எடுக்கவில்லை. "அந்த டெஸ்ட் நம்ம லேப்ல எடுக்கிறதில்லையே தம்பி" என்றார். அம்மா வலியோடு சிரித்தாள். அவர் கிண்டல் செய்தாரா, நிஜமாகவே விளங்காமல் சொன்னாரா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

பாளை டாக்டர்

பேப்பர் இல்லாவிட்டால் குறை சொல்கிறீர்கள். இருக்கிற பேப்பர் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பி.ஜி. படித்தபோது முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு நுரையீரல் பரிசோதனை செய்தேன். மடியில் பீடித்தட்டை வைத்தபடியே குழாயில் ஊதுவார்கள், பாதியில் சிரித்துவிடுவார்கள், மறுபடி முதலிலிருந்து. அலைந்தது முழுக்க நான். ஜர்னலிலிருந்து, அதாவது ஆய்வு இதழிலிருந்து, அச்சுக்கு முன் சரிபார்க்கும் ப்ரூஃப் வந்தது. செல்போனில் திறந்தால் என் பெயர் நான்காவதாக இருக்கிறது. மூன்றாவது பெயருக்கு உரியவர் முக்கூடல் பஸ்ஸில் ஏறியதே இல்லை.

மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள தூரம் மெடிக்கல் காலேஜ்காரர்களுக்குத் தெரியும். பதவி உயர்வுக்கு முதல் மூன்று பெயரும், ஜர்னலோடு கடிதம் நடத்தும் ஆசிரியரும்தான் கணக்கு. ஆராய்ச்சிக்கு மேலே இருந்த சீஃபிடம் போய் நின்றேன். "அடுத்த பேப்பர்ல பாத்துக்கலாம்மா" என்று தன் மேஜையிலிருந்த காபியை என் பக்கம் நகர்த்தினார். அதைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். அந்தக் காபி இன்னும் தொண்டையில் நிற்கிறது.

ஓய்வுபெற்ற நூலகர்

வண்ணார்பேட்டைத் தம்பி, மாப்பிள்ளை பார்த்தது அந்த டாக்டரின் கணக்குதானா? நம் பக்கம் ஒரு இனிஷியல், ஒரு பெயர், அவ்வளவுதான். முருகன் என்று தேடினால் இதய டாக்டரும் நெல் ஆராய்ச்சிக்காரரும் சேர்ந்தே வருவார்கள். வெளிநாட்டு ஜர்னல்கள் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி, ஒரே ஆளை இரண்டாக்குவதும் உண்டு. பாதிப் பேப்பரைக் காணோம் என்று ஒரு பேராசிரியர் என் மேஜையைத் தட்டினார். அத்தனையும் அவருடைய அப்பா பெயரில் கிடந்தன.

இதற்குத்தான் 2012-லிருந்து ஆர்கிட் (ORCID) என்று ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு 16 இலக்க எண் இருக்கிறது, வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஹெச்-இண்டெக்ஸ் என்பது ஹிர்ஷ் என்ற இயற்பியல்காரர் 2005-ல் கொண்டுவந்தது. 10 என்றால், குறைந்தது 10 பேப்பர்கள் தலைக்குப் 10 தடவையாவது மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்று கணக்கு. ஒரு பேப்பருக்கு ஆயிரம் மேற்கோள் வந்து, மற்றதெல்லாம் சும்மா கிடந்தால் எண் 1-தான். வயதாக ஆக ஏறும், இறங்காது. கூகுளில் ஒரு எண், ஸ்கோபஸ் என்ற இன்னொரு மேற்கோள் பட்டியலில் வேறு எண். கூகுள் தீசிஸையும் சேர்த்து எண்ணும். இம்பாக்ட் ஃபேக்டர் என்ற இன்னொரு மேற்கோள் எண் ஜர்னலுக்கு உரியது, டாக்டருக்கு அல்ல. பலர் இரண்டையும் குழப்புகிறார்கள்.

மேற்கோள் எல்லாம் பாராட்டும் அல்ல. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் டாக்டரின் பேப்பர் 1998-ல் லான்செட் என்ற மருத்துவ ஜர்னலில் வந்து, 2010-ல் திரும்பப் பெறப்பட்டது. அதை மறுக்க எழுதியவர்கள் காட்டியதும் எண்ணிக்கையில் சேரும்.

டாக்டரம்மா, நீங்கள் ஆராய்ச்சி தொடங்கும்போதே பெயர் வரிசையை மெயிலில் எழுதி வாங்கியிருக்க வேண்டும். இனியாவது செய்யுங்கள்.

அம்பாசமுத்திரம்

இத்தனை கணக்கு எதற்கு அண்ணாச்சி? செங்கல் சூளையில் சித்தப்பாவைச் செந்தேள் கொட்டியது. வியர்த்துக் கொட்டுகிறது, கை கால் ஐஸாக இருக்கிறது. டியூட்டி டாக்டர் ஒரு மாத்திரையைக் கொடுத்தார். பிரசோசின், பிரஷர் மாத்திரை. "கொட்டுனதுக்குப் பிரஷர் மாத்திரையா? ஊசி போடுங்கய்யா!" என்று சித்தி வார்டே அதிரக் கத்தினாள். அந்தச் சின்னப் பையன் டாக்டர் அசையவில்லை. "கொங்கணத்துல ஒரு டாக்டர் சொன்ன வைத்தியம்மா இது, கொஞ்சம் பொறுங்க" என்றார். சித்தப்பா பிழைத்துக்கொண்டார்.

பிறகு தேடிப் பார்த்தேன். மகாராஷ்டிராவின் கொங்கணப் பக்கம் மகாட் என்ற சின்ன ஊரில் இருக்கும் ஹிம்மத்ராவ் பவஸ்கர். தேள் விஷம் இதயத்தை எப்படித் தாக்குகிறது என்று 1982-லேயே லான்செட்டில் எழுதியவர். 2022-ல் பத்மஸ்ரீ. என்னை உறுத்துவது வேறு: மாத்திரையோடு விஷமுறிவு ஊசியும் சேர்த்தால் இன்னும் சீக்கிரம் தேறுகிறார்கள் என்று 2011-ல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஜர்னலில் எழுதியிருப்பவரும் அவரேதான். அப்படியானால் சித்தி கேட்டதும் நியாயம்தானே! இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் வீட்டில் இருக்க முடியாது.

பாளை டாக்டர்

நூலகர் ஐயா, நான் யோசனை கேட்கவில்லை. நீங்கள் சொன்னதற்குப் பதில் சொல்கிறேன்: மெயிலில் எழுதிக் கொடுக்க வேண்டியவர் சீஃப். என் தீசிஸில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரேதான்.