ஜெர்மனி: 110 யூரோ கட்டச் சொல்லிக் கடிதம், 20-ம் தேதிக்கே கை காலி. வழி சொல்லுங்கள்

கேட்டவர்: குளிர்காற்று | 2025 ஏப்ரல் 4

வணக்கம். ஜெர்மனியில் முதுகலை படிக்கிறேன், இரண்டாவது செமஸ்டர். பிளாக்டு அக்கவுண்டிலிருந்து (விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு வைத்த வங்கிக் கணக்கு) மாதம் 992 யூரோ வருகிறது. வேறு வருமானம் கிடையாது. வாடகை 430, மருத்துவக் காப்பீடு 145, டாய்ச்லாண்ட் டிக்கெட் (பஸ், ரயிலுக்கான மாதப் பயண டிக்கெட்) 58, போன் 15. மிச்சம் 344. வெளியில் சாப்பிடுவதே இல்லை, ஆனாலும் 20-ம் தேதிக்கு மேல் ஓடவில்லை.

நேற்று தபால் பெட்டியில் ஒரு கடிதம். ருண்ட்ஃபுங்க்பைட்ராக் என்று ஏதோ ஒளிபரப்புக் கட்டணமாம். மாதம் 18.36 வீதம் அக்டோபர் முதல் மார்ச் வரை 110.16 யூரோ கட்ட வேண்டுமாம். என்னிடம் டிவியும் இல்லை, ரேடியோவும் இல்லை. நாங்கள் மூன்று பேர் ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறையில் இருக்கிறோம். அப்பாவிடம் கேட்க மனம் வரவில்லை, கல்விக் கடன் வட்டியே அவர்தான் கட்டுகிறார். இதைக் கட்டித்தான் ஆக வேண்டுமா? மாதக் கணக்கில் எங்கே ஓட்டை?

பதில்: ஆற்றங்கரை

தம்பி, பயப்படாதீர்கள். ஆனால் கடிதத்தைத் தூக்கி மூலையில் போட்டுவிடவும் கூடாது. நான் வந்த புதிதில் அதைத்தான் செய்தேன். பதில் போடாவிட்டால் முகவரிப் பதிவை வைத்து அவர்களே உங்கள் பெயரில் கணக்கு திறந்துவிடுவார்கள். அப்புறம் தாமதக் கட்டணம் குறைந்தது 8 யூரோ சேரும்.

டிவி இல்லை என்று எழுதிப் பயனில்லை. 2013-லிருந்து கட்டணம் கருவிக்கு இல்லை, வீட்டுக்குத்தான். ஆனால் அதே விதி உங்களுக்குச் சாதகமாகவும் இருக்கிறது: ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு கட்டணம். கூட இருப்பவர்களில் யாராவது ஏற்கெனவே கட்டுகிறார்களா? கட்டினால் அவருடைய 9 இலக்க பைட்ராக்ஸ்நம்மரை (கட்டணக் கணக்கு எண்) வாங்குங்கள். அவர்களுடைய இணையதளத்தில் பதில் அனுப்பும்போது, இந்த வீட்டுக்கு இந்த எண்ணில் கட்டணம் போகிறது, நான் குடிவந்த தேதி இது என்று எழுதினால் போதும்.

(மாணவர் விடுதியில் இருப்பவர்கள் கவனிக்கவும்: பொது நடைவழியிலிருந்து நேரே உங்கள் அறைக்குள் நுழைவதாக இருந்தால் அந்த அறையே தனி வீடாகக் கணக்காகலாம்.)

குளிர்காற்று

அக்கா, இப்போதுதான் கேட்டேன். மூத்தவர் இரண்டு வருடமாகக் கட்டுகிறாராம்! இதுவரை யாரிடமும் பங்கு கேட்டதே இல்லை. எண்ணைப் படம் எடுத்து அனுப்பிவிட்டார்.

பதில்: ஆற்றங்கரை

அப்படியென்றால் 110.16 உங்கள் தலையில் இல்லை. ஆனால் அவருக்கு மாதம் 6.12 கொடுத்துவிடுங்கள், அதுதான் நியாயம்.

பதில்: மூன்றாம் மாடி

ஓட்டை எனக்குத் தெரிகிறது. செமஸ்டர் கட்டணம் கட்டுகிறீர்களே, அதில் பயண டிக்கெட் சேர்ந்திருக்கிறதா? சேர்ந்திருந்தால் எதற்குத் தனியாக 58?

குளிர்காற்று

செப்டம்பர் கடைசியில் வந்திறங்கினேன். வகுப்பு தொடங்கும் முன் ஊர் சுற்ற வேண்டியிருந்ததால் அக்டோபருக்கு டிக்கெட் எடுத்தேன். ஒரு மாதத்துக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன். பல்கலைக்கழகச் செயலியைத் திறந்து பார்த்தால் அங்கேயும் நாடு முழுக்கச் செல்லும் டிக்கெட் இருக்கிறது. அக்டோபரிலிருந்தே.

பதில்: மூன்றாம் மாடி

அது மாதச் சந்தா. நாமே நிறுத்தாவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். 2024-இல் மூன்று மாதம் 49, இந்த ஜனவரியிலிருந்து நான்கு மாதம் 58. ஆக 379 யூரோ போயிருக்கிறது. போனது போகட்டும். மாதம் 10-ம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் அந்த மாதக் கடைசியோடு நிற்கும். இன்றைக்கு 4. இதைப் படித்ததும் செய்துவிடுங்கள், உறுதி மின்னஞ்சல் வருகிறதா என்றும் பாருங்கள். எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இந்த வசதி இல்லை, அதனால் மற்றவர்கள் பார்த்துவிட்டு ரத்து செய்யுங்கள்.

உங்கள் செமஸ்டர் கட்டணம் எவ்வளவு?

குளிர்காற்று

ரத்து செய்தாயிற்று, மின்னஞ்சலும் வந்துவிட்டது. செமஸ்டருக்கு 312.

பதில்: மூன்றாம் மாடி

ஆறால் வகுத்தால் 52. டிக்கெட்டுக்குப் போன 58-இலிருந்து இந்த 52-ஐ மாத முதல் தேதியே தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். 992 யூரோ மாதாமாதம் ஒரே சீராக வருகிறது, செலவு அப்படி வருவதில்லை. செமஸ்டர் பணம் கட்டும் மாதத்தில்தான் பலரும் கடன் வாங்குகிறார்கள்.

பதில்: பச்சைக் குடை

காப்பீட்டைத் தனியாருக்கு மாற்றினால் இன்னும் மிச்சமாகுமே?

பதில்: ஆற்றங்கரை

வேண்டவே வேண்டாம். அரசு சார்ந்த மாணவர் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்க முதல் மூன்று மாதம்தான் அவகாசம். வாங்கிவிட்டால் படிப்பு முடியும்வரை திரும்ப முடியாது. மாதாமாதம் அந்த 145-ஐ விடாமல் கட்டுங்கள். பாக்கி வைத்தால் செய்தி பல்கலைக்கழகத்துக்குப் போகும், அடுத்த செமஸ்டர் பதிவே சிக்கலாகும்.

அதைவிட துறையில் மாணவ உதவியாளர் வேலை கேளுங்கள். வெளிநாட்டு மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள்தான் வேலை செய்யலாம் என்ற வரம்பில் அது சேராது. மினிஜாப் (சிறு பகுதிநேர வேலை; 2025-இல் வரம்பு மாதம் 556 யூரோ) கிடைத்தால், ஓய்வூதியப் பிடித்தம் 3.6 சதவீதம் வேண்டாம் என்று முதலாளியிடம் எழுதிக் கொடுக்கலாம்.

குளிர்காற்று | ஏப்ரல் 23

கட்டண அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது, என் பெயரில் கணக்கை மூடிவிட்டார்கள். மூத்தவருக்கு ஏழு மாதப் பங்கு 42.84 கொடுத்தேன். வேண்டாம் என்றார், மேசையில் வைத்துவிட்டு வந்தேன். துறையில் உதவியாளர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன், திங்கட்கிழமை பேராசிரியர் வரச் சொல்லியிருக்கிறார்.